வலது தோடு

மடியில் மெத்தை, காலடியில் பச்சை வாளி, தோளை இடித்துக்கொண்டு ஒரு டிரங்குப் பெட்டி. இத்தனைக்கும் நடுவில் பின் சீட்டில் நான். ஊர் எல்லையில் இருக்கிற பெட்ரோல் பங்க் வரைக்கும் வந்து இறங்கிக்கொள்கிறேன் என்று நானேதான் அடம்பிடித்து ஏறியிருந்தேன். தம்பி மகள் முதல்முதலாகக் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போகிறாள். அவளுக்குக் குருவி என்று பேர் வைத்தவளே நான்தான். பிறந்தபோது என் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டாள். இப்போது என் பக்கத்தில், வாளிக்குள் கால் வைக்காத குறையாக மடங்கி உட்கார்ந்துகொண்டு, ஜன்னல் வழியாக எல்லாக் கடைகளுக்கும் டாட்டா காட்டிக்கொண்டு வந்தாள். முன்னால் தம்பி ஓட்ட, பக்கத்தில் அவன் பெண்டாட்டி சாவிக்கொத்து எடுத்தோமா, மாத்திரை எடுத்தோமா என்று பையைக் குடைந்துகொண்டிருந்தாள். வண்டி கடைத்தெருவைத் தாண்டி வேகம் பிடித்தது. அப்போதுதான் எனக்கு அது கேட்டது.

ஊம்ம்ம் என்று அடித்தொண்டையில் ஒரு முனகல். இரண்டு நாளைக்கு முன்னால் கேட்ட அதே சத்தம். வேகம் கூடினால் அதுவும் கூடியது, குறைந்தால் குறைந்தது. தண்ணீர்த்தொட்டிப் பக்கம் இடதுபுறமாக வளைந்தபோது நன்றாக எழும்பி என் முதுகுத்தண்டுக்கே வந்தது. மறுபடி வலதுபுறம் வளைந்தபோது அமுங்கிப்போனது. இடது பக்கம் வளைந்தால் பாரமெல்லாம் வலது சக்கரத்தின் மேல் சாயும், சக்கரத்துக்குள் தேய்ந்துபோன பேரிங் அந்தப் பாரத்தில்தான் கத்தும் என்று எனக்கு இவர் சொல்லித்தான் தெரியும். இவர் என்றால் என் வீட்டுக்காரர். எங்கள் வீட்டு முன்வாசலிலேயே இருபத்திரண்டு வருஷமாக மெக்கானிக் கடை வைத்திருப்பவர். இந்த வண்டியின் பின்சக்கர பேரிங்கை நேற்றுத்தான் மாற்றிப் போட்டிருந்தார்.

"பாத்தியாக்கா, மாமா கை பட்டதும் சத்தம் போன இடம் தெரியல" என்றான் தம்பி, கண்ணாடியில் என்னைப் பார்த்து. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவன் பெண்டாட்டி பேசிக்கொண்டிருந்தாள். மெத்தையும் பெட்டியுமாக வண்டி அடைந்து கிடந்தது. அவனுக்கு எங்கே கேட்கும்?

"ஆமா" என்றேன்.

எதற்கெடுத்தாலும் வாயைத் திறந்துவிடுகிறவள் என்று இந்தத் தெருவில் பேர் எடுத்தவள் நான். அன்றைக்குப் பெட்ரோல் பங்கில் இறங்கி, குருவியின் கன்னத்தைக் கிள்ளி, போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றேன். வண்டி கிளம்பிப் போனது. முந்நூறு கிலோமீட்டர், நடுவில் ஒரு மலை இறக்கம். மத்தியானம் இரண்டு மணிக்குள் காலேஜில் கையெழுத்துப் போட வேண்டும். டயர் சத்தமாக இருக்கும், ரோடு அப்படி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் அதற்கு இரண்டு வருஷத்துக் கதை இருக்கிறது. ஒரு லாரி டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தபோது அது இவர் தலைக்குப் பக்கத்திலேயே வெடித்தது. கை கால் ஒன்றும் ஆகவில்லை, கும்பிடாத தெய்வத்தையெல்லாம் கும்பிட்டேன். ஆனால் வலது காது அன்றைக்கே போய்விட்டது. இடது காதில் ஓயாத இரைச்சல். ஃபேன் சுற்றுகிற மாதிரி ஒரு சத்தம் உள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது என்று டாக்டரிடம் சொன்னார். அதற்கப்புறம் யாரிடமும், என்னிடமும்கூட, அதைப் பற்றிப் பேசியதே இல்லை. டொக்கு டொக்கு என்று தட்டுகிற கோளாறு என்றால் கையை வைத்தே கண்டுபிடித்துவிடுவார். பேரிங் முனகல்தான் இவருக்கு எமன். முனகுவது வண்டியா தன் காதா என்று தெரியாது. தெரிந்தாலும் எந்தப் பக்கம் என்று பிடிபடாது. ஒற்றைக் காதுக்கு இடம் வலம் கிடையாதாம்.

ஆரம்பத்தில் நான் கூடப் போய் வாயால்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஒரு வாத்தியாரின் வண்டி. இவர் இடது பக்கம் ஜாக்கி போடப் போக, "ஐயோ, அந்தப் பக்கம் இல்லைங்க" என்று கத்திவிட்டேன். வாத்தியார் சிரித்துக்கொண்டே, "ஏன் சார், இந்தக் கடையில யாரு மெக்கானிக்?" என்றார். இவரும் சிரித்தார். அதற்கப்புறம் எட்டு நாள் என்னோடு பேசவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், தட்டைக் கழுவி வைப்பார், போய்விடுவார். சண்டை போட்டால்கூடத் தாங்கிக்கொள்வேன். அந்தக் கழுவி வைத்த தட்டைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

ஒன்பதாம் நாள் ஒரு வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "வா, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்" என்றார். போனேன். சத்தம் இடது பக்கம். நான் வாயே திறக்காமல் என் இடது முழங்காலைத் தொட்டேன், அவ்வளவுதான். திரும்பி வந்து சரியாக இடது பக்கம் ஜாக்கி போட்டார். அதிலிருந்து அதுதான் எங்களுக்குள் வழக்கம். இடது என்றால் இடது முழங்கால், வலது என்றால் வலது. சத்தம் அடங்கிவிட்டது என்றால் இரண்டு கையையும் மடியில் வைத்துவிடுவேன். வாயால் ஒரு நாளும் பேசி வைத்துக்கொண்டதில்லை. மெக்கானிக் பெண்டாட்டிக்குக் காற்று வாங்க ஆசை போல என்று தெருவில் கிண்டல் பண்ணுவார்கள், பண்ணட்டும். ஒரு வண்டிகூடத் தப்பாகப் போனதில்லை.

தம்பிக்கு ஒரு சந்தேகம் இருந்தது. "மாமாவுக்குக் காது கேக்குதாக்கா? மூணு தரம் கூப்பிட்டேன்" என்று போன தடவையே கேட்டான். உன் ஜோலியைப் பார் என்று வாயடைத்தேன். அவன் ஆபீஸ் குடோனில் ஒரு வேலை காலியாக இருக்கிறதாம். உட்கார்ந்து எழுதுகிற வேலை. மாமா கடையை மூடிவிட்டு வந்தால் வாங்கித் தருகிறேன் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டான். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இவரை ஒரு மேசைக்குப் பின்னால் வைத்து என்னால் நினைத்துப் பார்க்கக்கூட முடியவில்லை. இரண்டு நாளைக்கு முன்னால் வண்டி முனகுகிறது, ஷோரூமில் விட்டுவிடவா என்று அவன் போனில் கேட்டபோது, "உன் மாமா என்ன செத்தா போயிட்டாரு? இங்க கொண்டு வா" என்று நான்தான் சண்டைக்குப் போனேன்.

கொண்டு வந்தான். சத்தம் பின்னாலிருந்து வருகிறது என்று அவனே சொன்னதால் நான் பின் சீட்டில் ஏறிக்கொண்டேன். இவர் ஓட்டினார், தம்பி முன்னால் பக்கத்தில். முழங்காலைத் தொட்டால் இவருக்குத் தெரியாதே என்று யோசித்து, கண்ணாடியில் இவர் கண்ணைப் பார்த்தபடி, என் வலது காதுத் தோட்டைத் தொட்டுத் திருகினேன். இவர் லேசாகத் தலையாட்டினார். அடேயப்பா, என்ன சாமர்த்தியம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அப்புறம் மெத்தைக்கு உறை தைக்கவும் பெட்டி அடுக்கவும் தம்பி வீட்டுக்குப் போனவள், அன்று காலை அவர்கள் வண்டியில்தான் பங்க் வரைக்கும் வந்தேன். வண்டியை நேற்றுச் சாயங்காலமே கொண்டுபோய்க் கொடுத்திருந்தார். எந்தச் சக்கரத்தைக் கழற்றினார் என்று நான் பார்க்கவில்லை, கேட்கவும் இல்லை. கேட்பானேன்?

ஒரு மணி நேரம் நடந்து நான் முன்வாசலில் நுழைந்தபோது இவர் ஸ்பானர்களைத் துடைத்து வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம்.

"அடங்கிடுச்சா?" என்றார்.

"ம்" என்றேன்.

சொல்லிவிட்டு உள்ளே போகிறவள், பெஞ்சின் மேல் இருந்ததைப் பார்த்துவிட்டேன். நேற்றுக் கழற்றிய பழைய பேரிங். எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தார். அதைக் கையில் எடுத்து, இவர் செய்வதைப் போலவே உள் வளையத்தில் இரண்டு விரலை விட்டு வெளி வளையத்தைச் சுழற்றினேன். தேய்ந்துபோன பேரிங் கரகரவென்று மணல் அரைக்கும், இருபத்திரண்டு வருஷமாக எத்தனையோ கேட்டிருக்கிறேன். இது சத்தமே இல்லாமல், வெண்ணெயில் ஓடுகிற மாதிரி சுற்றிச் சுற்றி, தானாக நின்றது.

"இது எந்தப் பக்கத்துது?"

இவர் துடைப்பதை நிறுத்தினார். "இடது பக்கம். நீ காட்டினதுதானே."

"நான் எங்கங்க இடது காட்டினேன்? வலது தோட்டைல்ல தொட்டேன்!"

இவர் என்னையே பார்த்தார். பிறகு தன் கையைத் தூக்கி, எதிரே ஒருவர் உட்கார்ந்திருப்பது போல வைத்து, காற்றில் ஒரு காதைத் தொட்டார். கையை மாற்றினார். மறுபடி மாற்றினார். ஸ்பானர் துணி கீழே விழுந்தது.

"கண்ணாடியில நீ எனக்கு எதிர உக்காந்திருந்த" என்றார். "என் வலப்பக்கமாத் தெரிஞ்ச கை, எதிர உக்காந்திருக்கறவளுக்கு இடது கைன்னு எடுத்துக்கிட்டேன்." என் கையில் இருந்த பேரிங்கைக் காட்டி, "வெளிய எடுக்கறப்பவே கைக்கு நல்லாத்தான் இருந்துச்சு. சந்தேகமாத்தான் இருந்துச்சு. சில பேரிங் பாரம் ஏறினாத்தான் கத்தும், வெறுங்கையில தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டேன். நீ சொன்னா தப்பாவா இருக்கும்னு..."

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. இவர் விரல் இவரிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறது, என்னை நம்பி விரலைத் தள்ளிவிட்டார். என் காது எனக்கு உண்மையைச் சொன்னது, இவர் மானத்துக்காக நான் அதை மென்று விழுங்கினேன். இரண்டு பேரும் இப்படி ஒருவரை ஒருவர் தாங்கு தாங்கென்று தாங்கி, நடுவில் குழந்தையை மலைப்பாதைக்கு அனுப்பிவிட்டோம்.

"வண்டியில வரும்போதே கேட்டுச்சுங்க" என்றேன். "கேட்டும் சும்மா இறங்கிட்டேன்."

இவர் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

தம்பிக்குப் போன் போட்டேன். வண்டி ஓட்டும்போது அவன் போனைத் தொட மாட்டான். நல்ல பழக்கம்தான், அந்த நல்ல பழக்கத்தை அன்றைக்கு வாயாரச் சபித்தேன். அவன் பெண்டாட்டியின் போன் அணைந்து கிடந்தது. குருவிக்குப் போட்டேன், எடுக்கவில்லை. காதில் பாட்டை மாட்டியிருப்பாள். மறுபடி, மறுபடி. பேரிங் உடைந்தால் சக்கரம் என்ன ஆகும் என்று நான் இவரைக் கேட்கவில்லை. ஒரு தடவை அப்படி வந்த வண்டியைப் பார்த்திருக்கிறேன், சக்கரம் இல்லாமல் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். ஏழாவது தடவை எடுத்தாள்.

"அத்தை! அதுக்குள்ள என்ன, என்னைத் தேடிருச்சா?"

"எங்கடி இருக்கீங்க?"

"மலை ஆரம்பிக்கப் போகுது. இப்பத்தான் செக்போஸ்ட் தாண்டினோம்."

"வண்டிய நிறுத்தச் சொல்லு உங்கப்பாவை."

"லேட்டாகுதுன்னு அப்பா..."

"நிறுத்தச் சொல்லுடீ!"

உள்ளே ஏதோ பேச்சு, பாட்டு நின்றது, ஹாரன் ஒன்று அவர்களைக் கடந்து போனது. பிறகு தம்பியின் குரல். "என்னக்கா? உனக்கு உடம்புக்கு ஏதாவதா?" நான் என்ன சொல்வதென்று ஏற்கெனவே முடிவு பண்ணியிருந்தேன். மாமா சரியாகத்தான் பார்த்தார், ஒரு நட்டு முடுக்க மறந்துவிட்டது, நாங்கள் வரும்வரை நகராதே. அவ்வளவு போதும். ஆனால் இவர் என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார். இடது காதில் அழுத்தி வைத்துக்கொண்டார்.

"மாப்ள, வண்டிய ஓரமா நிறுத்திட்டியா? ஒரு அடி நகத்தாத. பக்கம் மாத்திப் போட்டுட்டேன். வலது பக்கம்தான் போயிருக்கு. எனக்கு வலது காது செத்துப்போய் ரெண்டு வருஷம் ஆச்சு மாப்ள. இடதுல எந்நேரமும் இரைச்சல். உங்கக்கா காதை வெச்சுத்தான் கடை ஓடுது. அவ சரியாத்தான் சொன்னா, நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்."

தம்பி என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. இவருக்கும் கேட்கவில்லை போல. "என்ன?" என்றார். மறுபடியும் "என்ன?" என்றார். பிறகு போனை என்னிடம் நீட்டிவிட்டு ஷெட்டுக்குள் போனார்.

சாமான் வாங்கும்போது இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து வாங்குவது இவர் பழக்கம். இன்னொரு பேரிங் தாள்கூடப் பிரிக்காமல் இருந்தது. அதே மாடல் வண்டியின் பழைய பிரேக் டிரம் ஒன்றும் மூலையில் கிடந்தது. அதைத் தேய்த்துத் துடைத்து, அழுத்தும் மெஷினில் வைத்து, புது பேரிங்கை அதற்குள் இறக்கினார். அதைச் சாக்கில் சுற்றி என் மடியில் வைத்து, ஜாக்கியை முன்னால் கட்டி, பைக்கை எடுத்தார். ஒன்றரை மணி நேரம். பின்னால் லாரி வந்தால் அது எந்தப் பக்கம் ஏறுகிறதோ அந்தத் தோளைத் தட்டுவேன், இவர் ஒதுங்குவார்.

செக்போஸ்ட்டுக்கு அப்பால் முதல் வளைவுக்கு முன்னால் நின்றிருந்தார்கள். பாரத்தைக் குறைக்கட்டும் என்று தம்பி எல்லாவற்றையும் இறக்கி வைத்திருந்தான். ரோட்டோரத்தில் மெத்தையை விரித்து அதன் மேல் குருவி உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் பச்சை வாளி. ஒரு குடும்பத்தை வீட்டைக் காலி பண்ணித் தெருவில் விட்ட மாதிரி இருந்தது. தம்பி பெண்டாட்டி என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்குச் சுருக்கென்றது. அவள் இடத்தில் நான் இருந்தால் நாலு வார்த்தை கேட்டே இருப்பேன்.

இவர் நேராகப் போய் வலது பின்சக்கரத்தைத் தூக்கி, கையால் சுழற்றினார். கரகரவென்று அரைத்தது. குருவி மெத்தையிலிருந்தே நிமிர்ந்து பார்த்தாள், அவ்வளவு சத்தம். இவர் மட்டும் கேட்காதவராக, அதிர்வைப் பிடிக்கச் சக்கரத்தருகே சுருள் கம்பியின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு சக்கரத்தைக் கழற்றி, நடு நட்டைக் கழற்றி, டிரம்மை இழுத்தார். கருகிய கிரீஸ் நாற்றம் வந்தது. பேரிங்கின் உள்கூடு விண்டு, குண்டுகள் அம்மை போட்டதுபோல் குழி விழுந்திருந்தன. அதை எடுத்துத் தம்பியிடம் நீட்டினார். மறைத்து வைத்திருக்கலாம், நீட்டினார். தம்பி அதையும் பார்த்தான், கீழே இறங்கிப் போகிற ரோட்டையும் பார்த்தான். அவன் பெண்டாட்டி மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

கொண்டுவந்த டிரம்மை மாட்டி, நட்டை முடுக்கி, சக்கரத்தைப் போட்டு இறக்குவதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. எல்லாம் முடிந்து இவர் எழுந்து நின்று வழக்கம்போல டிரைவர் கதவுப் பக்கம் போனார். ரிப்பேர் பார்த்த வண்டியை முதலில் இவர்தான் ஓட்டுவார், இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான். தம்பி அதற்குள் கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டான்.

"அக்கா, நீ ஏறு" என்றான். "ஒரு ரவுண்டு போய்ப் பாத்துட்டு வந்துடலாம்."

மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை. மாமாவைப் பார்க்காமல் சொன்னான், அவ்வளவுதான். நான் இவரைப் பார்த்தேன். இவர் கையைத் துடைத்துக்கொண்டே, போ என்பதுபோல் தலையாட்டினார். நெற்றியில் கிரீஸ் ஒட்டியிருந்தது. துடைத்துவிட வேண்டும்போல் இருந்தது, எல்லாரும் பார்க்கிறார்களே என்று ஏறிவிட்டேன்.

வந்த வழியே இரண்டு கிலோமீட்டர் போனோம். தம்பி பாட்டைப் போடவில்லை. ஜன்னலை மூடி, வேகத்தைக் கூட்டி, இடதுபுறம் வளைத்து, வலதுபுறம் வளைத்தான். ஒரு முனகலும் இல்லை. காற்றும் டயரும்தான். "அந்தக் குடோன் வேலை இன்னும் காலியாத்தான்க்கா இருக்கு" என்றான், ரோட்டைப் பார்த்தபடி. அவன் சொல்வதில் தப்பு இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. இனிமேல் ஒவ்வொரு வண்டிக்கும் எல்லாரும் என்னைத்தான் கேட்பார்கள், இவர் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார்.

திரும்பி வரும்போது தூரத்திலேயே தெரிந்தது. தம்பி பெண்டாட்டியும் குருவியும் மெத்தையைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். இவர் அவர்களை விட்டுத் தள்ளி, ரோட்டோரம் பச்சை வாளிக்குப் பக்கத்தில் நின்று, இடது காதை எங்கள் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். வண்டி கிட்டே வந்து நிற்கும் வரைக்கும் அப்படியே நின்றார். நான் இறங்கினேன்.

"என்னக்கா?" என்றாள் தம்பி பெண்டாட்டி. "அத்தை, போலாமா?" என்றாள் குருவி. தம்பி இன்ஜினை அணைக்காமல் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் மட்டும் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.